உறை ஊற்றியாயிற்றா?



இரவு ஒன்பதரை மணிக்கு மேல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் நின்றால் எல்லா வீட்டுச் சமையலறையும் காதில் விழும். சமையலறை ஜன்னல்கள் அத்தனையும் ஒரே குறுகிய சந்தைப் பார்த்துத் திறப்பவை. முதல் மாடியில் குக்கர் மூடி சிங்க்கில் விழுகிறது. அதற்கு மேல் வீட்டில் மிஞ்சிய குழம்பைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுப் பெரிய பாத்திரத்தை ஒழித்துப் போடுகிறார்கள். கரண்டிகளை மொத்தமாகக் கொட்டும் சத்தம், குழாய் திறக்கும் சத்தம், மேடையை அழுத்தித் துடைக்கும் சத்தம். சில நாள் ஏதாவது ஒரு வீட்டில் அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அங்கே யாரோ எதையோ சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பாத்திரம் உருளும் சத்தத்தை வைத்தே அம்மாவின் மனநிலையைக் கணிக்கத் தெரியாத பிள்ளை நம் ஊரில் வளர்ந்திருக்க முடியாது.

வீட்டு வேலையைப் பற்றிய மனத்தாங்கல்களை எழுதி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பத்து நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது. காபி குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே விட்டுப் போவது. காலியான தண்ணீர் பாட்டிலை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் திருப்பி வைப்பது. சாம்பார் நன்றாக இருந்த நாளெல்லாம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைந்த நாளில் மட்டும் வாய் திறப்பது. இவற்றில் எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் சின்ன விஷயம்தான். தினமும் நடக்கிறதே.

நெல்லைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கணவர் நல்லவர். காய் நறுக்கிக் கொடுப்பார், குழந்தையைப் பள்ளியில் விடுவார், ஞாயிற்றுக்கிழமை தோசை வார்ப்பார். "குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் படுக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலுப்பு என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஒரு பயிற்சி வகுப்புக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியிருக்கிறார். அடுப்பு மேடையில் பால் திரிந்து கிடந்திருக்கிறது. யாரும் உறை ஊற்றவில்லை, ஃப்ரிட்ஜிலும் எடுத்து வைக்கவில்லை. கேட்டதற்குக் கணவர் சொன்ன பதில்: "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே."

இந்த ஒரு வாக்கியம் வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறி, எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல', 'நீ சொல்லவே இல்லையே', 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்'. அவர்கள் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பார்கள். சொல்வதும் ஒரு வேலை, எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை என்பதுதான் அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோசையையே எடுத்துக்கொள்வோம். அது எப்போது தொடங்குகிறது? வியாழக்கிழமை சாம்பாருக்குப் பருப்பு எடுக்கும்போது, பக்கத்து டப்பாவில் உளுந்து அடிமட்டத்துக்குப் போய்விட்டதை ஒரு கண் பார்க்கிறதே, அப்போதே தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வாங்கியாக வேண்டும். போன முறை வாங்கிய உளுந்து சரியாகப் பொங்கவில்லை, வேறு கடையில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மதியச் சமையல் முடிந்த கையோடு இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்று அளந்து, களைந்து, ஊறப்போட வேண்டும். அன்றைக்குப் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்திருந்தால் கணக்கு மாறும். சாயங்காலம் கிரைண்டரில் முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் மாவு காணாது. தெளித்துத் தெளித்துக் கையால் தள்ளிக் கொடுக்க வேண்டும். அதை வழித்து எடுத்தபின் அரிசி. உப்புப் போட்டுக் கையாலேயே கலந்து, பொங்குவதற்கு இடமிருக்கிற பாத்திரமாகப் பார்த்து ஊற்ற வேண்டும். மார்கழி என்றால் விடியும்வரை விட்டாலும் எழும்பாது. சித்திரை என்றால் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்து நிற்கும். அதனால் படுக்கப் போகும் முன் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் கிரைண்டரைக் கழுவுவது இருக்கிறது. அரைப்பதைவிட எனக்கு அலுப்பான வேலை அதுதான்: கல்லைத் தூக்கி, அடியில் ஒட்டிய மாவைச் சுரண்டி, காய்வதற்குள் முடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஞாயிறு இரவு அரை மணி நேரம் தோசை வார்ப்பது. சுற்றிலும் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், 'அப்பா தோசை' என்று பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தை நான் குறைக்க விரும்பவில்லை. அப்பா கையால் சாப்பிட்ட நினைவு அவர்களோடு கடைசிவரை வரும். ஆனால் நெல்லை வாசகியின் அலுப்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டும். கைவேலையில் பாதி உங்கள் கணவருக்குப் போயிருக்கிறது, அம்மா. மூன்று நாள் ஓடிய அந்த நினைப்பில் ஒரு துளிகூட அவருக்குப் போகவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணிவரை, அரை மணிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ம், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்குதான். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்களில் 81 பேர். 2024ல் மறுபடி கேட்டார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று வந்தது.

இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தேன். 2019ல் இடைவெளி 202 நிமிடம். 2024ல் 201. நடுவில் ஊரடங்கு வந்து ஆண்களும் பெண்களும் மாதக்கணக்கில் ஒரே கூரைக்குள் இருந்தார்கள். எரிவாயு அடுப்பு இல்லாத வீடுகள் குறைந்தன, வாஷிங் மெஷின் உள்ள வீடுகள் கூடின. இடைவெளி மட்டும் அசையவில்லை. இந்தக் கணக்கிலும் நான் சொல்லும் அந்த நினைப்பு சேராது. ஒரு கட்டத்துக்குள் பத்து நிமிடமாவது நீடித்த வேலையைத்தான் தனியாகக் குறித்தார்கள். உறை ஊற்ற அரை நிமிடம் போதும். பால் பதமாக ஆறிவிட்டதா என்று மறக்காமல் இருப்பதற்கு மாலை முழுக்க வேண்டியிருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இயந்திரங்களை நான் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டியின் உள்ளங்கையில் குழவி பிடித்துக் காய்த்த இடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தமிழக அரசு 2011ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளில் ஆட்டுக்கல் கொல்லைப்புறத்துக்குப் போனது. அது பெரிய விடுதலை. தோள்வலி போயிற்று. ஆனால் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரேதான் கிரைண்டருக்கு முன்னாலும் நின்றார். ஆள் மாறவில்லை. இதோடு ஒப்பிட்டால் 2022ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வேறு மாதிரியானது. அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைக்கு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது என்றால், அந்தத் தாய் நாளைக்குக் காலை என்ன செய்வது என்பதை முதல் நாள் இரவே யோசிக்க வேண்டியதில்லை. ஒரு வேளையின் சமையலோடு அதன் நினைப்பும் அந்த வீட்டைவிட்டு வெளியே போகிறது. அடுத்த வருஷம் குடும்பத் தலைவிகளுக்கு வந்த மாதம் 1,000 ரூபாய்க்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்களே, அந்தச் சொல்லும் எனக்குப் பிடித்திருந்தது.

அதே 2023ல், ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலமெல்லாம் மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வருமானத்தில் சேர்ந்த சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டா என்பது வழக்கு. உண்டு என்றார். அந்தத் தீர்ப்பில் இல்லத்தரசி செய்கிற வேலைகளைப் பட்டியலிடும் இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். சமையல்காரர், வீட்டு வைத்தியர் என்பதோடு, திட்டமிடுதல், ஒழுங்கு செய்தல், வரவு செலவுக் கணக்குப் பார்த்தல் என்று நிர்வாகியாகவும் அவரைச் சொல்கிறது. ஒரு நிறுவனத்தில் இந்த நிர்வாக வேலைக்குத்தான் அதிகச் சம்பளம். வீட்டில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டால், "கூடமாட ஒத்தாசையா இருப்பார்" என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். கூடமாட. இனிமையான சொல். அதற்குள்ளேயே ஒரு முடிவும் இருக்கிறது. வேலை அவளுடையது, அவர் கூட நிற்கிறவர். நம் ஃபிளாட்டுகளின் சமையலறையோ இருவர் நின்றால் முழங்கை இடிக்கும் அளவுதான். ஒரே நேரத்தில் இருவர் அங்கே நிற்க வேண்டிய அவசியமும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொழுதை முழுசாக ஒருவர் எடுத்துக்கொண்டால் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம்.

அப்பா ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராக இருந்தவர். ஓடும் ரயிலில் இரவெல்லாம் நின்று கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் போடுகிற வேலை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடித்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஒரு மாதம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் நாள் அப்பா சமையலறைக்குள் போனார். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் சாய்ந்திருந்தாள். "சீரகம் எது, சோம்பு எது?" "அரிசி எத்தனை ஆழாக்கு?" "இது எத்தனை விசில்?" பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி. அம்மா கண்ணை மூடியபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி, "இதுக்கு நானே எழுந்து செஞ்சிருப்பேன், தலை வலிக்குது" என்றாள். அன்றைக்குச் சமைத்தது அம்மாதான். கை மட்டும் அப்பாவுடையது.

மறுநாள் காலை அப்பா எல்லா டப்பாக்களையும் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, முகர்ந்து, திரும்ப அடுக்கினார். ஊர் ஊராகக் கடிதம் பிரித்தவருக்கு முப்பது டப்பா பெரிய விஷயம் இல்லை. முடித்துவிட்டு அம்மாவிடம் வந்து, "இந்த ஒரு மாசம் நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தப்பாப் போனா போகட்டும்" என்றார். தப்பாகவும் போயிற்று. பால் பொங்கி வழிந்தது, ஒரு நாள் ரசத்தில் உப்பே இல்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவள் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று. மூன்றாவது வாரம் பால்காரர் கணக்கு, காய்க்காரம்மா வருகிற நேரம், எந்தக் கிழமை எந்தக் கீரை என்பதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி.

கண் சரியான பிறகு அம்மா சமையலுக்குத் திரும்பினாள். இரவை மட்டும் அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை. "ராத்திரி டூட்டி எனக்குப் பழக்கம்தானே" என்றார். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் ஒழிப்பது, தேய்ப்பது, மேடை துடைப்பது, பால் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றுவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, கேஸை மூடுவது எல்லாம் அவர். ஆரம்பத்தில் அம்மா படுத்த பிறகும் எழுந்து போய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து நான் ஊருக்குப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னாள்: "இப்பல்லாம் பால் ஞாபகமே வர்றதில்லடி." நாற்பது வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் பாலை நினைத்துக்கொண்டே படுத்தவள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த லேசை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

வந்த கடிதங்களில் ஆண்கள் எழுதியவையும் இருக்கின்றன, அவர்கள் மனத்தாங்கலிலும் நியாயம் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஒருவர், "நான் தேய்த்த பாத்திரத்தை அவள் எடுத்து மறுபடி தேய்க்கிறாள். துணி மடித்தால் பிரித்து மடிக்கிறாள். அப்புறம் எதற்குச் செய்ய?" என்று கேட்கிறார். சகோதரிகளிடம் இதை நான் உரிமையோடு சொல்கிறேன்: பீன்ஸ் கொஞ்சம் பெரிதாக நறுக்கப்பட்டால் பொரியல் கெட்டுப்போகாது. ஒரு வேலையை விட்டுக்கொடுத்தால் அதன் பக்குவத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் அம்மாக்களுக்கு வீட்டில் அதிகாரம் இருந்த ஒரே இடம் சமையலறை என்பதால், அதை விடுவது நமக்கு எளிதாக இல்லை. அப்பா உப்பில்லாத ரசம் வைத்த அன்று அம்மா பேசாமல் சாப்பிட்டது அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

'சிலிண்டர் மாற்றுவது, மின்கட்டணம் கட்டுவது, மோட்டார் போடுவது, ரேஷன் கடை எல்லாம் நான்தானே' என்று எழுதிய ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மைதான், அவையும் வேலைகள். அவற்றில் பெரும்பாலானவற்றை நாளைக்குத் தள்ளிப்போடலாம். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடிவதில்லை.

இன்னொரு கடிதத்தில் ஒரு வாசகி எழுதியது என்னை யோசிக்க வைத்தது. அவர் கணவர் வீடு பெருக்குவார், துடைப்பார், குழந்தைக்குக் கால் கழுவிவிடுவார். மொட்டை மாடியில் துணி காயப்போட மட்டும் போகமாட்டார். எதிர்வீட்டார் பார்ப்பார்களாம். கதவு மூடியிருக்கும்வரை எல்லா வேலையும் செய்யும் ஆண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்காமலே அடுத்த வீட்டுப் பையன் வளர்கிறான். கேரளத்தில் 2024ல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில், தந்தை சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை ஒரு வழக்கமான காட்சியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும். அது நல்லது.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. நகரத்தில் நம்மில் பலர் இந்தச் சண்டையைத் தீர்த்துக்கொண்டது, வேலைக்கு ஓர் அக்காவை வைத்துக்கொண்டுதான். கணவனும் மனைவியும் பிரித்துக்கொள்ளாத வேலையை மூன்றாவதாக ஒரு பெண் வந்து செய்கிறார். ஐந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் அங்கேயும் அவரே தேய்க்கிறார். வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் தமிழ்நாட்டில் 2007லேயே வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையைச் சம்பளம் பிடிக்காமல் கொடுக்கிற வீடுகள் எங்கள் குடியிருப்பிலேயே குறைவு. அவர் லீவு சொல்லக் காலை ஆறரைக்குப் போன் செய்கிறார் என்றால், அது யாருடைய போனில் அடிக்கிறது என்று கவனியுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எண்ணும் அதுவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு இடத்திலும் எண்ணை மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

நெல்லை வாசகிக்குத் தனியாகவும் ஒரு பதில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தோசையை உங்கள் கணவர் வியாழக்கிழமையிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். உளுந்து வாங்குவதிலிருந்து கிரைண்டர் கழுவுவதுவரை அவர் பாடு. முதல் இரண்டு வாரம் மாவு புளித்துப் போகலாம். அன்றைக்கு வீட்டில் உப்புமா செய்துகொள்ளலாம். நீங்கள் மட்டும் படுக்கப் போகும் முன் மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்த இதழுக்காக உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் செய்யும் வேலைகளின் பட்டியல் வேண்டாம். அது எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒரு காலத்தில் உங்கள் தலையில் இருந்து, வீட்டில் இன்னொருவர் முழுசாக எடுத்துக்கொண்டதால், இப்போது ஞாபகத்துக்கே வராமல் போன வேலை ஏதாவது உண்டா? உண்டென்றால் அது எது, யார் எடுத்துக்கொண்டார்கள், எப்போதிருந்து என்று எழுதுங்கள். ஒரு அஞ்சலட்டை போதும்.

அன்புடன்,
ஆசிரியர்